மனச்சோர்வும் மாத்திரையும்: மனநல மருத்துவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, மாத்திரை சாப்பிட்டால் என்ன கெடுதல் வரும் என்றே கேட்கின்றன. மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுக்காமல் விட்டால் என்ன கெடுதல் வரும் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டையும் சேர்த்து நிறுத்துப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வர முடியாது என்பதால், ஒவ்வொரு பதிலிலும் இரண்டையும் சொல்ல முயன்றிருக்கிறேன். எல்லாவற்றுக்கும் கடைசியாக வந்த கடிதத்துக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது காத்திருக்கக் கூடியதன்று.

என் மனைவிக்கு 34 வயது. இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொள்கிறார். "நான் இல்லாவிட்டால் நீங்களும் பிள்ளைகளும் நிம்மதியாக இருப்பீர்கள்" என்கிறார். கோபத்தில் சொல்வதாக என் தாயார் கூறுகிறார். அப்படித்தானா?

இல்லை. பசியின்மை, பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே வரும் விழிப்பு, தன்னைப் பாரமாக எண்ணும் இந்தச் சொல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது தீவிர மனச்சோர்வாக இருக்கவே வாய்ப்பு அதிகம். "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று அவரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. மாறாக, யாரிடமும் சொல்ல முடியாமல் உள்ளே வைத்திருந்ததை இறக்கிவைக்க அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். அவரைத் தனியாக விடாதீர்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாதபடி அகற்றிவிடுங்கள். இன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரவாகிவிட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம். இந்திய அரசின் மனநலத் தொலைபேசி சேவையான டெலி மானஸ் உதவி எண் 14416, இருபத்துநான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசும். இலங்கை வாசகர்கள் 1926 என்ற எண்ணை அழைக்கலாம்.

இத்தகைய நிலையில் மூளைக்குச் சிறிதளவு மின்சாரம் செலுத்தும் மின்சிகிச்சையை மருத்துவர் பரிந்துரைத்தால் பதறாதீர்கள். திரைப்படங்களில் காட்டப்படும் கொடுமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மயக்க மருந்தும் தசைகளைத் தளர்த்தும் மருந்தும் தராமல் அதைச் செய்யக்கூடாது என்று இந்தியாவின் 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டமே தடை விதித்திருக்கிறது. சிகிச்சை நாட்களையொட்டிச் சிறிது மறதி ஏற்படலாம் என்பது உண்மை. உயிருக்கே ஆபத்தான மனச்சோர்வில் இதைவிட விரைவாகப் பலன் தரும் சிகிச்சைகள் மிகக் குறைவு என்பதும் உண்மை.

குழந்தை பிறந்து மூன்று மாதம் ஆகிறது. காரணமின்றி அழுகை வருகிறது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கமில்லை. அதைப் பார்த்தால் பாசமே வரவில்லை. மருத்துவர் செர்ட்ராலின் எழுதித் தந்தார். பால் கொடுப்பவள் மாத்திரை சாப்பிடலாமா என்று மாமியார் தடுக்கிறார்.

"பாசமே வரவில்லை" என்று எழுதுவதற்கு உங்களுக்கு எவ்வளவு துணிவு தேவைப்பட்டிருக்கும் என்று எனக்குத் தெரியும். என் எதிரே அமர்ந்து, மடியிலிருந்த குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் அதன் சட்டைப் பொத்தானையே திருகிக்கொண்டிருந்த ஒரு தாய் இதே சொல்லைச் சொல்ல மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். பாசமில்லாதது உங்கள் குணமன்று, நோயின் குறி. பிரசவமான சில நாட்களில் வரும் அழுகை இரண்டு வாரத்துக்குள் தானே அடங்கிவிடும். மூன்று மாதமாக நீடிப்பது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, கருவுற்ற பெண்களிலும் அண்மையில் பிள்ளை பெற்றவர்களிலும் பத்துப் பேரில் ஒருவருக்கு மேல் மனச்சோர்வு வருகிறது.

இனி மாத்திரை. தாய்ப்பாலில் மிகக் குறைவாகக் கலக்கும் மனச்சோர்வு மருந்துகளில் செர்ட்ராலினும் ஒன்று. பெரும்பாலான குழந்தைகளின் இரத்தத்தில் அதைக் கண்டறிவதே அரிது. எனவே பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையில்லை. குழந்தை சரியாகப் பால் குடிக்கிறதா, எடை கூடுகிறதா, அளவுக்கு மீறித் தூங்குகிறதா என்பதைக் கவனித்தால் போதும். குறைமாதக் குழந்தையென்றால் குழந்தை மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள். மறுபுறம், தாயின் மனச்சோர்வு நீடித்தால் பாலூட்டுவதும் குழந்தையோடு பேசிக் கொஞ்சுவதும் குறைந்து, அதன் வளர்ச்சியையும் பாதிக்கக்கூடும். உங்கள் மாமியார் குழந்தையின் மீதுள்ள அக்கறையால்தான் தடுக்கிறார். அடுத்த முறை அவரையும் அழைத்துச் சென்று, இதை மருத்துவரின் வாயாலேயே கேட்கச் செய்யுங்கள். தைராய்டு, இரத்தச்சோகைப் பரிசோதனைகளையும் செய்துகொள்ளுங்கள். பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வருவதும் உண்டு.

இரவில் இரண்டு முறையாவது வேறொருவர் குழந்தையை எடுத்து வைத்துக்கொண்டு உங்களைத் தூங்க விடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதியே. ஆனால் தூக்கமே தேவையில்லாததுபோல் பரபரப்பு, காதில் குரல் கேட்பது, குழந்தையைப் பற்றி விபரீதமான நம்பிக்கை ஆகியவை தோன்றினால் அது வேறு நோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்று அல்லது இரண்டில் வரும் அந்த நிலையில் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மனச்சோர்வுக்கான எஸ்சிட்டலோபிராம் மாத்திரையை இரண்டு மாதம் சாப்பிட்டு நன்றாக இருந்ததால் நிறுத்திவிட்டேன். இப்போது தலை கிறுகிறுக்கிறது, சுரீரென்று ஷாக் அடிப்பதுபோல் இருக்கிறது. அடிமையாகிவிட்டேனா?

இல்லை. திடீரென நிறுத்தியதால் வரும் தொல்லை இது. மேலும் மேலும் வேண்டும் என்ற வேட்கையோ அளவைக் கூட்டிக்கொண்டே போகும் கட்டாயமோ இந்த வகை மருந்தில் வருவதில்லை. பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் வருடக்கணக்கில் வாங்கும், பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் அல்பிரஸோலம் போன்ற மாத்திரைகளுக்குத்தான் அந்த ஆபத்து உண்டு. இரண்டையும் "தூக்க மாத்திரை" என்று ஒரே பெயரில் அழைப்பதால் வந்த குழப்பமே இது. எழுதித் தந்த மருத்துவரிடம் உடனே பேசுங்கள். முதல் முறை வந்த மனச்சோர்வென்றால், முழுமையாக நலமடைந்த பிறகும் ஆறு முதல் ஒன்பது மாதம் வரை மருந்தைத் தொடர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மார்பகப் புற்றுநோய்க்காக டாமாக்ஸிஃபென் சாப்பிடுகிறேன். மனச்சோர்வு மாத்திரையும் சேர்த்துச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், ஆனால் எதுவென்று பார்த்துத்தான். பராக்ஸெட்டின், ஃப்ளூவாக்ஸெட்டின் இரண்டும் டாமாக்ஸிஃபென் உடலில் செயல்படும் வடிவுக்கு மாறுவதைத் தடுப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். வென்லாஃபாக்ஸின் போன்றவற்றுக்கு இந்தச் சிக்கல் மிகக் குறைவு. புற்றுநோய் மருத்துவரின் சீட்டை மனநல மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள்.

52 வயதாகிறது. மேலெல்லாம் வலி, அசதி, நெஞ்சுப் படபடப்பு. ஸ்கேன், ஈசிஜி எல்லாம் நார்மல். மனச்சோர்வு என்கிறார்கள். மாத்திரை இல்லாமல் கவுன்சலிங் மட்டும் போதுமா?

உங்கள் வலி கற்பனையன்று. நம் பெண்கள் பலரிடம் மனச்சோர்வு முதலில் உடல்வலியாகத்தான் வெளிப்படுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தையொட்டி அது தலைகாட்டுவதும் கூடுதல். லேசான, நடுத்தர மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். ஆனால் அது அறிவுரை கேட்பதன்று. "நல்லதையே நினையுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் அது சிகிச்சையே இல்லை.

முறையான சிகிச்சையில் ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை இருக்கும். உங்கள் வயதுள்ள ஒருவர், வாசலில் கோலம் போடுவதை ஒரு வருடமாக விட்டிருந்தார். மனம் சரியானதும் போடுவேன் என்றவரை, மனம் சரியில்லாமலே மூன்று புள்ளி வைத்து ஒரு கோலம் போடச் சொன்னோம். எந்த நாளில் போட்டார், போட்டபின் எப்படி இருந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவந்தார். மனம் மாறினால்தான் செயல் வரும் என்று காத்திராமல், செயலிலிருந்து மனத்தைத் திருப்பும் இந்த முறையை, கோவாவில் பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்களே ஆறு முதல் எட்டு அமர்வுகளில் அளித்து நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். நீங்களும் அத்தனை அமர்வுகள் தவறாமல் போய்ப் பாருங்கள். அதற்குப் பிறகும் உறக்கமும் பசியும் திரும்பாவிட்டால், அல்லது இடையிலேயே நிலைமை மோசமானால், மாத்திரையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; இரண்டையும் ஒன்றாக எடுப்பதற்குத் தடையேதும் இல்லை.