மூட்டை குறைந்ததில் யாருக்கு நட்டம்?

கேள்வி: 'மாஸ் எஃபெக்ட் 2' வீடியோ கேமை உயர்ந்த ஆர்.பி.ஜி. (பாத்திரமேற்று ஆடும் கேம்) என்று போன இதழில் புகழ்ந்திருந்தீர்கள். முதல் பாகத்தின் இன்வென்ட்டரி (சாமான் சேர்க்கும் பை) போச்சு, கோள்களில் ஓட்டும் மாக்கோ வண்டி போச்சு, பாயின்ட் போட்டு வளர்க்கும் ஸ்கில் பட்டியல் பாதியாகத் தேய்ந்தது. மிச்சம் இருப்பது சுவருக்குப் பின்னால் ஒளிந்து சுடுவதுதான். இதை ஆர்.பி.ஜி. என்று சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வந்தது?
- பெயர் வேண்டாத வாசகர்

பதில்: தாராளமாக வந்தது.

2007-ல் வந்த முதல் பாகத்தை இரண்டு முறை முடித்தவன் நான். நீங்கள் ஏங்கும் அந்த இன்வென்ட்டரியில் 150 சாமான் சேர்ந்ததும் பை நிரம்பிவிடும். அப்புறம் ஒவ்வொரு துப்பாக்கியாகத் தேடி, ஆம்னி-ஜெல் என்கிற பொதுக் கூழாக உருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அண்டத்தைக் காக்கக் கிளம்பிய, நாம் ஆட்டிவைக்கும் கமாண்டர் ஷெப்பர்ட், ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவர் போலப் பாதி நேரம் பழைய சாமான் எடை போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கூத்து: என்7 என்கிற உச்சகட்ட ராணுவப் பயிற்சி முடித்த அதே வீரர், பாயின்ட் போடாவிட்டால் ஸ்னைப்பரை நேராகப் பிடிக்க முடியாமல் ஆடுவார். இதெல்லாம் ஒழிந்ததற்கு நான் கண்ணீர் விடமாட்டேன்.

அதற்காக, கேமைத் தயாரித்த பயோவேர் 2010-ல் இரண்டாம் பாகத்தில் செய்ததெல்லாம் சரி என்று சொல்லவில்லை. முதல் பாகத்தில் தோட்டாவுக்குப் பஞ்சமே கிடையாது. தொடர்ந்து சுட்டால் துப்பாக்கி சூடேறும், ஆறவிட்டுச் சுட வேண்டும். அந்த உலகத்துக்கே உரிய அழகான விதி அது. இரண்டாம் பாகத்தில் 'தெர்மல் கிளிப்' என்று புதுப்பெயர் சூட்டி, மற்ற எல்லாச் சுடும் கேம்களையும் போலக் கீழே கிடப்பதைப் பொறுக்க வைத்துவிட்டார்கள். கூட்டாளி ஜேக்கப்பின் அப்பாவைத் தேடிப் போகும் மிஷன் நினைவிருக்கிறதா? பத்து வருடம் வெளியுலகத் தொடர்பே இல்லாமல் கிடந்தவர்கள் அவர்கள். அந்தக் காட்டிலும் தெர்மல் கிளிப் கிடக்கிறது! நேற்று வந்த சாமான் அங்கே எப்படிப் போனது?

மாக்கோ விஷயத்தில் பாதி உங்கள் கட்சி. அது மலை ஏறும் லட்சணம் தெரிந்ததுதான். ஆனாலும் யாருமில்லாத கோளில் இறங்கி நிற்கும் உணர்வு அதில் இருந்தது. அதற்குப் பதிலாக வந்த கோள் ஸ்கேனிங், பல்லேடியத்துக்கும் இரிடியத்துக்கும் கை வலிக்கத் துழாவும் தண்டனை. லிஃப்ட்டும் போய்விட்டது. ஆமை வேகம்தான், ஆனால் கூட வருகிறவர்கள் அதில்தானே வாய் திறந்து பேசினார்கள்!

ஸ்கில் பட்டியலிலும் கத்தரி கொஞ்சம் அதிகமாகவே பாய்ந்தது. 2012-ல் மூன்றாம் பாகத்தில் கிளைகளைக் கூட்டி, துப்பாக்கிக்கு உதிரிகளையும் திரும்பக் கொண்டுவந்தார்களே, அதுவே ஒப்புதல் வாக்குமூலம்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பாத்திரமேற்பது பைக்குள்ளா இருக்கிறது? எதிரியின் தளத்துக்குள் உயிரைப் பணயம் வைத்துப் புகும் கடைசித் 'தற்கொலை மிஷனை' எடுத்துக்கொள்ளுங்கள். கப்பலுக்குக் கவசம் போடாமல் போனால் போகிற வழியிலேயே ஆள் சாகும். மாலுமிகள் கடத்தப்பட்ட பிறகு உடனே கிளம்பினால் எல்லோரும் பிழைப்பார்கள். 'இந்தப் பக்கம் ஒரு சின்ன வேலை' என்று ஊர் சுற்றினால், தினமும் உங்களுக்குச் செய்தி சொன்ன கெல்லி கண்ணெதிரே கரைந்து சாவாள். கூட்டாளிகளில் இரண்டு பேராவது மிஞ்சாவிட்டால் ஷெப்பர்டே செத்துப்போவார், சேமித்த அந்த ஆட்டம் மூன்றாம் பாகத்துக்குச் செல்லாது. ஒருவரை எத்தனை தூரம் தெரிந்துவைத்திருக்கிறீர்கள் என்பதற்கு இங்கே உயிர் விலை. முதல் பாகத்தின் நூற்றைம்பது துப்பாக்கியில் ஒன்றாவது உங்களை இப்படிக் கேள்வி கேட்டதுண்டா?

அதே தற்கொலை மிஷனில், எதிரி தளத்தின் குழாய்க்குள் நுழைய ஆள் தேடும்போது ஜேக்கப் 'நான் போகிறேன்' என்று தானாக முன்வருவார். நல்ல மனுஷன்தான், அந்தத் தொழில்நுட்ப வேலை தெரியாது. முதல் முறை நான் அவரை அனுப்பினேன். நீங்கள் யாரை அனுப்பினீர்கள்? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். பெயர் போடாவிட்டாலும் பரவாயில்லை.