ஆர்டர் ஆஃப் தி ஸ்டிக்: 1,300 பக்கம் தாண்டிய குச்சிப் படக் கதையை இப்போது ஆரம்பிக்கலாமா?

இந்த இணையப் படக்கதையைத் தாராளமாக ஆரம்பிக்கலாம். ஆனால் நான் பதில் எழுத வந்தது அதற்காக இல்லை. "குச்சி மனிதர்களை வைத்துக்கொண்டு என்ன கதாபாத்திர வளர்ச்சி காட்டிவிட முடியும்?" என்று கேள்விக்குக் கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களே, அதற்காக. யாரோ நண்பர் சிபாரிசு செய்திருப்பார், நீங்கள் முதல் பத்துப் பக்கம் பார்த்துவிட்டு மூடியிருப்பீர்கள். என் சித்தி பையனும் அப்படித்தான் செய்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கீழே கதையின் திருப்பங்கள் வரும். "எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டாயே" என்று திட்ட வருபவர்களுக்கு: இதில் பெரும்பாலான பக்கங்கள் வெளிவந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது.

நான் படிக்க ஆரம்பித்தது 2008இல், இரவு ஷிப்டில். அலுவலகத்தில் பாதித் தளங்களைத் தடுத்து வைத்திருந்தார்கள், இது மட்டும் எப்படியோ தப்பியிருந்தது. ரிச் பர்லூ என்பவர் 2003இல் எழுதி வரையத் தொடங்கிய கதை. முதல் பக்கமே, ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் விதிகள் புதுப் பதிப்புக்கு மாறுவதைக் கிண்டல் செய்வதுதான். எனக்குப் பகடை உருட்டுவது என்றால் தாயம் மட்டும்தான். முதல் நூறு பக்கம் பாதி புரியாமல்தான் போனது.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது, கதையின் நாயகக் குழுவில் இருக்கும் வார்சூவியஸ். எல்ஃப் என்ற கற்பனை இனத்து மந்திரவாதி. ஆணா பெண்ணா என்று கதை எங்கேயும் சொல்வதில்லை. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இதைப் பற்றி முடிவில்லாமல் சண்டை போடுவார்கள். நமக்கு 'அவர்' இருக்கிறது, பிரச்சினை தீர்ந்தது. இவர் ஆரம்பத்தில் ஒரு காட்டுக் குகையில் இளம் கரும் டிராகன் ஒன்றைக் கொல்கிறார். வழக்கமான சண்டைதான், எல்லோரும் மறந்துவிடுகிறோம். பல நூறு பக்கம் கழித்து அதன் தாய், இவருடைய பிள்ளைகளைத் தேடி வருகிறது. அவர் நரகத்து ஆட்களிடம் ஆன்மாவை அடகு வைத்துச் சக்தி வாங்கி, அந்தத் தாயை மட்டுமல்ல, அதன் ரத்த உறவு அத்தனையையும் ஒரே மந்திரத்தில் கொல்கிறார். 639ஆவது பக்கம். இரவு இரண்டு மணிக்கு நான் கைதட்டினேன், உண்மையாகவே. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இன்னும் இருநூறு பக்கம் தாண்டி, ஒரு பிரமிடுக்குள் ஒரு குடும்பமே செத்துக் கிடக்கிறது. எல்லோரும் மனிதர்கள். அவர்கள் வம்சத்தில் எங்கோ கரும் டிராகன் ரத்தம் கலந்திருக்கிறது. எப்படிச் செத்தார்கள் என்று வார்சூவியஸுக்குப் புரியும் அந்தக் கணத்தில் எனக்கும் புரிந்தது. கைதட்டியவன் நான்தானே. குச்சிப் படத்தில் இதைச் செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள்.

அதே குழுவில் பெல்கர் என்று ஒரு கொலைகாரக் குள்ளன் இருக்கிறான். திருந்துவது மாதிரி நடித்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று கனவில் அவனுக்கு யோசனை சொல்லப்படுகிறது, நடிக்கிறான். நடிப்பு எப்போது நிஜமானது என்று நம்மால் ஒரு பக்கத்தைக் காட்டிச் சொல்ல முடியாது. அதைவிட நேர்த்தியான வேலையை நான் அச்சுக் கதைகளிலும் அதிகம் பார்த்ததில்லை.

சரி, சித்தி பையன் விஷயம். "குச்சி மனுசங்களாண்ணே?" என்று சிரித்தவன் மூன்றே வாரத்தில் முழுவதும் படித்துவிட்டு, ரெட்குளோக்கின் கட்சியில் சேர்ந்துவிட்டான். ரெட்குளோக் வில்லன் பக்கத்துப் பூசாரி, கோப்ளின் என்ற அரக்க இனத்தவன். தன் கிராமத்தைப் புனித வீரர்கள் வெட்டிச் சாய்த்தபோது தப்பியவன். கோப்ளின்களைக் கடவுள்கள் படைத்ததே மற்றவர்கள் கொன்று, பலம் கூட்டும் அனுபவப் புள்ளி சம்பாதிக்கத்தான் என்று தெரிந்துகொண்டவன். அவன் கேட்பது நியாயம். ஆனால் அதற்காக ஸைகான் என்ற பிணமந்திரவாதியிடம் அடிமை மாதிரிக் கிடக்கிறான், அந்த ஸைகானைக் காப்பாற்றச் சொந்தத் தம்பியையே கொல்கிறான். இவ்வளவு இழந்த பிறகு நிறுத்தினால் இழந்ததெல்லாம் வீண் என்ற பயம்.

"இது நியாயம் கேட்கிறது இல்லடா, விட்டதைப் பிடிக்கிறது. உங்க அப்பா சீட்டு மேஜையில உட்கார்ந்திருந்தாரே, அது மாதிரி" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. சித்தப்பா வீட்டை அடகு வைத்த கதை எங்கள் குடும்பத்தில் யாரும் வாய் திறக்காத விஷயம். நான்கு மாதம் அவன் என்னிடம் பேசவில்லை.

இப்போது குறைகள். கதையின் மையம் ஐந்து வாசல்கள். கடவுள்களையே கொல்லும் ஒரு ஜந்துவை அடைத்து வைத்திருக்கும் பூட்டுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மூன்றை நம் கண் முன்னால் உடைப்பது வில்லன்கள் இல்லை, நல்லவர்கள் பக்கத்து ஆட்கள்: நாயகக் குழுவின் பாடகன் ஈலன், புனித வீராங்கனை மீக்கோ, குழுத் தலைவன் ராய். முதல் முறை சிரிப்பு, இரண்டாவது முறை அதிர்ச்சி. மூன்றாவதில் "அடப் போங்கப்பா, மறுபடியுமா" என்றுதான் தோன்றியது. அந்த மூன்றாவது வாசல் வரும் பாலைவனப் பகுதி வேறு டார்க்வின் என்ற சர்வாதிகாரி மேல் ஆசிரியருக்கு இருந்த பிரியத்தில் நீண்டுகொண்டே போகிறது. நான் அங்கேதான் இரண்டு வருடம் விட்டுவிட்டேன். குழுவின் திருடி ஹேலியும் எனக்கு ஏமாற்றம்தான். காதலைச் சொல்லும் வரை அவளுக்குள் ஒரு கதை இருந்தது, சொன்ன பிறகு பெரும்பாலும் ஈலனின் காதலியாக நின்றுவிட்டாள். ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், பரவாயில்லை.

வேகமும் கிடையாது. காசுக்குப் பஞ்சமில்லை: 2012இல் இந்தக் கதையின் பழைய அச்சுத் தொகுப்பை மறுபடி அச்சிட பர்லூ 57,750 டாலர் கேட்டார், வாசகர்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் பன்னிரண்டரை லட்சம் டாலர் வந்து குவிந்தது. ஆனால் அதே வருடம் கண்ணாடி வெட்டிக் கை விரல் காயமாகி, மாதக்கணக்கில் வரைய முடியவில்லை. அதற்காக அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் நூறு பக்கம் முன்னால் விதைத்ததை நம்பி எழுதும் கதையில், அந்த நூறு பக்கம் வர வருடக்கணக்கில் ஆனால் விதையை யார் ஞாபகம் வைத்திருப்பது? நீங்கள் மொத்தமாகப் படிக்கப் போகிறவர், இந்தக் கஷ்டம் உங்களுக்கு இல்லை.

அச்சுப் புத்தகம் வாங்கலாமா என்று கேட்டால், என் வயிற்றெரிச்சலைக் கேளுங்கள். ஒன்று வரவழைத்தேன். சுங்க வரி, தபால் செலவு எல்லாம் சேர்ந்து புத்தக விலையைத் தொட்டது. கூரியர்காரர் எனக்கு ஒரு போன் கூடப் போடாமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். நான் ஊரிலிருந்து திரும்புவதற்குள் அந்த வீட்டுப் பையன் பிரித்து, ராய்க்கு மீசையும் ஸைகானுக்குக் குடையும் வரைந்து வைத்திருந்தான். அவன் அம்மா "குழந்தைங்க புக்குதானே" என்றார். புகார் எழுதினேன், கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள் என்று ஒரு வரிப் பதில் வந்தது. இன்றுவரை ஆறவில்லை.

ரெட்குளோக்குக்கு வருகிறேன். 1,200 பக்கம் தாண்டி, நாயகக் குழுவின் பூசாரி டர்கன் அவனிடம் சமாதானம் பேசப் போகிறான். கோப்ளின்களுக்கு நல்ல வழி கிடைக்கக்கூடிய பேச்சு அது. ரெட்குளோக் மறுத்துவிட்டு டர்கனைக் கொல்லப் பார்க்கிறான். அந்தப் பக்கங்கள் வந்த வாரம் சித்தி பையனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "எந்திரிச்சு வந்திருக்கலாம்லண்ணே." அவ்வளவுதான். ரெட்குளோக்கைச் சொன்னானா என்று நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு: 120ஆவது பக்கம் வரை போய்ப் பாருங்கள், நம் கண் முன்னால் முதல் வாசல் அங்கேதான் வெடிக்கிறது. அப்போதும் பிடிக்கவில்லை என்றால் மூடிவிடுங்கள். இவ்வளவு படித்துவிட்டோமே என்று மட்டும் மேலே போகாதீர்கள்.