மச்சான் சொன்ன துபாய் விலையும் வண்ணார்பேட்டை விலையும்

துபாயில் செல்போன் மலிவு என்று மச்சான் சொன்னதும், இங்கே கடைக்காரர் ஏமாற்றுகிறாரோ என்று கேட்கிறீர்கள். வண்ணார்பேட்டைக் கடை அண்ணாச்சி உங்களை ஏமாற்றவில்லை. அந்த செல்போனுக்கு அவர் கேட்ட 59,000 ரூபாய்க்கும் துபாயிலிருந்து உங்கள் மச்சான் சொன்ன விலைக்கும் நடுவே நிற்பது பெரும்பாலும் வரிதான்.

இங்கே செல்போனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 2020 மார்ச் வரை 12தான். துபாயில் வாட் வரி 5 சதவீதம். 59,000ஐ 1.18ஆல் வகுத்துப் பாருங்கள், 50,000 வரும். மீதி 9,000 வரி. அதே 50,000க்கு அங்கே வரி 2,500தான். கடைக்காரர் தன் லாபத்தை விட்டுக்கொடுத்தாலும் இந்தப் பள்ளம் நிரம்புவது கஷ்டம்.

அப்புறம், மச்சான் துபாய்க் காசான திர்ஹமை எத்தனை ரூபாயால் பெருக்கினார் என்று கேளுங்கள். திர்ஹம் டாலரோடு கட்டப்பட்ட காசு. ஒரு டாலருக்கு மாறாமல் 3.6725 திர்ஹம். ரூபாய் சரிந்தால், அங்கே விலைச்சீட்டு மாறாமலே நமக்கு விலை ஏறிவிடும். இன்றைய மதிப்பில், கார்டு கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: மாடல் எண்ணைப் பார்க்காமல் வாங்கச் சொல்லாதீர்கள். ஐபோன் 17 அங்கே இ-சிம் மட்டும்தான், சிம் கார்டு செருக இடமே கிடையாது. வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.