நன்றி நோட்டு

அன்புள்ள ஐயா,

நான்கு மாதங்களாக, இரவு படுக்கப்போகும் முன் அன்றைய நாளுக்கான மூன்று நன்றிகளை நோட்டில் எழுதிவருகிறேன். நண்பர் ஒருவர் சொல்லி ஆரம்பித்தது. முதல் இரண்டு வாரம் நன்றாகத்தான் இருந்தது. இப்போது வீட்டுப்பாடம் மாதிரி ஆகிவிட்டது. பக்கங்களைப் புரட்டினால் ‘உடல்நலம், குடும்பம், வேலை’ என்று இதே மூன்றும் வரிசை மாறி மாறி வருகின்றன. தூக்கக் கலக்கத்தில் சில நாள் நேற்று எழுதியதைப் பார்த்தே எழுதிவிடுகிறேன்.

எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. அது தெரிந்தும் மனதில் ஒன்றும் எழவில்லை. வெளியே சொன்னால், ‘உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பார்’ என்கிறார்கள். நினைத்துப் பார்க்கிறேன், குற்ற உணர்ச்சிதான் கூடுகிறது. நான் நன்றி கெட்டவனா?

(பக்கத்து அறையில் என் மகள் எதையோ படித்துவிட்டுத் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். கவனம் சிதறுகிறது. பிழைகள் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.)

க.

அன்புள்ள க.,

நேற்றைய பக்கத்தைப் பார்த்து எழுதும் இடத்தில் சிரித்துவிட்டேன். சொந்த நோட்டிலேயே காப்பியடிக்கும் ஆள் உலகத்தில் நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை, கவலைப்படாதீர்கள்.

‘கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பார்’ என்ற அறிவுரையை முதலில் தள்ளிவைத்துவிடலாம். அடுத்தவர் துன்பத்தை நம் மனநலத்துக்கு மருந்தாக அரைத்துக் குடிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அதனால் அவருக்கும் பயனில்லை. உங்களுக்கும் பயனில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

என் கதை ஒன்று. சில வருடங்களுக்கு முன் குளியலறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. அந்த ஆறு வாரமும் இடது கையாலேயே சட்டை பட்டன் போட வேண்டியிருந்தது. பட்டனைக் காஜாவுக்குள் பாதி நுழைத்து, கட்டைவிரலால் அந்தப் பக்கம் இழுப்பதற்குள் நழுவி வந்துவிடும். கழுத்துப் பட்டனை மூன்றாம் நாளே கைகழுவிவிட்டேன். ஒருநாள் கோபத்தில் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பனியனோடு உட்கார்ந்திருந்தேன்.

கட்டைப் பிரித்த அன்று, கை வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. மெலிந்து, தோல் செதில் செதிலாக உரிந்து, ஊறிப்போன ஒரு வாடையோடு. வீட்டுக்கு வந்ததும் குழாயைத் திறந்து மணிக்கட்டைக் காட்டினேன். தண்ணீர் தோலில் பட்டு, இரண்டாகப் பிரிந்து, உள்ளங்கைப் பக்கம் மறுபடி சேர்ந்து வடிந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, வீட்டில் திட்டு விழுந்த பிறகுதான் குழாயை மூடினேன். மறுநாள் காலை இரண்டு கையாலும் பட்டன் போட்டேன். விரல்கள் விறைத்திருந்ததால் மெதுவாகத்தான் முடிந்தது. ஏழு பட்டன். ஏழாவதையும் போட்டு முடித்தபின் எல்லாவற்றையும் கழற்றி இன்னொரு தடவை போட்டேன். யாரும் பார்க்கவில்லை.

எல்லாம் பத்து நாள்தான். அதற்குள் பட்டன் போடுவது பழையபடி கை தானாகச் செய்யும் வேலையாகிவிட்டது. இப்போது போட்டிருக்கும் இந்தச் சட்டைக்கு எப்போது பட்டன் போட்டேன் என்று கேட்டால் சத்தியமாக நினைவில்லை.

ஆக, நீங்கள் நன்றி கெட்டவர் என்றால் நானும்தான். பழகிப்போவது உடம்பின் வேலை. 1804இல் டிராக்ஸ்லர் என்ற சுவிஸ் மருத்துவர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார். ஒரே புள்ளியை அசையாமல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால், ஓரத்தில் இருக்கும் மங்கலான உருவங்கள் கொஞ்ச நேரத்தில் பார்வையிலிருந்தே மறைந்துவிடுகின்றன. அவை எங்கும் போய்விடவில்லை. மாறாமல் இருப்பதைக் கண் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறது, அவ்வளவுதான். மனதுக்கும் இந்தப் பழக்கம் உண்டு.

1978இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு, லாட்டரியில் பெரிய தொகை விழுந்த 22 பேரைப் பற்றியது. நண்பரோடு பேசுவது, நகைச்சுவை கேட்பது, பத்திரிகை படிப்பது போன்ற சாதாரண விஷயங்கள் எவ்வளவு மகிழ்ச்சி தருகின்றன என்று கேட்டார்கள். பரிசு விழாத மற்றவர்களைவிட இவர்கள் குறைவாகத்தான் சொன்னார்கள். 22 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. இருந்தாலும், பெரிய சந்தோஷம் வந்து சின்னதன் இடத்தை அடைத்துக்கொள்வதை நம் வாழ்க்கையிலும் பார்த்திருக்கிறோம் இல்லையா?

சரி, நோட்டுக்கு வருவோம். நோட்டு தப்பில்லை, தினமும் எழுதுவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். இந்த முறையைப் பிரபலமாக்கிய 2003ஆம் ஆண்டு ஆய்வின் முதல் சோதனையில் வாரத்துக்கு ஒரு முறைதான் எழுதச் சொன்னார்கள். அப்புறம் நடந்த இன்னொரு சோதனையில், வாரம் ஒரு முறை எழுதியவர்களுக்குப் பலன் தெரிந்தது, மூன்று முறை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. நீங்கள் வாரத்துக்கு ஏழு முறை எழுதுகிறீர்கள்!

இன்னொன்று, ‘உடல்நலம்’ என்று எழுதினால் மனம் எதைப் பிடித்துக்கொள்ளும்? அது தலைப்பு, உள்ளே ஒன்றும் இல்லை. நன்றி என்ற சொல்லுக்கே முதற்பொருள் நன்மை, ஒருவர் செய்த உதவி. குறளின் 11ஆவது அதிகாரத்துக்குத் தலைப்பு ‘செய்ந்நன்றி அறிதல்’. அறியச் சொல்கிறார்கள். நெஞ்சு விம்மியே ஆக வேண்டும் என்று தலைப்பில் இல்லை. அறிவதென்றால் எது, எப்போது, யாரால், எப்படி என்பதெல்லாம் தெரிய வேண்டும். இரவு மூக்கடைத்துப் புரண்டுகொண்டிருக்கும்போது மறுபக்கம் திரும்பிப் படுத்ததும் ஒரு துவாரம் மட்டும் ‘டப்’பென்று திறக்கிறதே, அதை எழுதினால் அது உடல்நலம். உங்களுக்குள் ஒன்றும் எழாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததைச் சரியாக எழுதினால் போதும்.

ஒன்றும் தோன்றாத வாரத்தில் மாற்றி யோசிக்கலாம். 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வில், துணையைச் சந்தித்த கதையை எழுதியவர்களைவிட, அந்தச் சந்திப்பு எப்படியெல்லாம் நடக்காமல் போயிருக்கலாம் என்று எழுதியவர்கள்தான் உறவில் கூடுதல் நிறைவைச் சொன்னார்கள். என் மாவுக்கட்டு செய்ததும் இதைத்தான், கொஞ்சம் முரட்டுத்தனமாக. எலும்பை உடைத்துக்கொள்ளாமலே காகிதத்தில் செய்து பார்க்க முடிகிறது என்பது நல்ல விஷயம்.

குறைகளையும் எழுதுங்கள். வேலையில் ஒரு அநியாயம் நடந்தால் ‘வேலை இருக்கிறதே, நன்றி’ என்று அதன்மேல் போர்வை போர்த்தாதீர்கள். அது வேறு பக்கம், வேறு நோட்டாகவே இருக்கட்டும்.

அப்புறம், நான்கு மாத நோட்டில் ‘குடும்பம்’ என்ற சொல் நூறு தடவையாவது வந்திருக்கும். எனக்கு எழுதிய கடிதத்தில், அடைப்புக்குறிக்குள், மன்னிப்புக் கேட்கும் சாக்கில், பக்கத்து அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வருகிறது. அன்றைக்கு நோட்டில் என்ன எழுதினீர்கள்? அவள் எதைப் படித்துச் சிரித்தாள் என்று கேட்டீர்களா? கேட்டிருந்தால் எனக்கும் எழுதுங்கள்.