பதில்: 7ஆம் தலைமுறை ஐ5 லேப்டாப்பில் விண்டோஸ் 11 போடலாமா?

வணக்கம் நண்பரே. 2017 லேப்டாப், 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க், டேலி கணக்கு மென்பொருளும் பிரிண்டரும் தினமும் வேண்டும் என்கிறீர்கள். கடைக்காரர் 'பைபாஸ்' செய்து, அதாவது தகுதிச் சோதனையைத் தாண்டி, 11 போட்டுத் தருகிறேன் என்றாராம். வேண்டாம் என்பேன்.

ரேம் பிரச்சினையே இல்லை, 4 ஜிபி இருந்தாலே போதும். 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கூட உங்கள் லேப்டாப்பில் இருக்கலாம். தடை பிராசசர்தான். இன்டெலில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் 11க்கு அனுமதி. குறுக்கு வழியில் போட்டால் ஓடும்; ஆனால் அப்டேட் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தராது. வருடாந்திரப் பெரிய அப்டேட்டை நீங்களே கையால் போட வேண்டியிருக்கும். கணக்கு முடிக்கிற மார்ச் மாதத்தில் அந்த வம்பு எதற்கு?

விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது உண்மை. ஆனால் அதன் கடைசிப் பதிப்பான 22எச்2 இருந்தால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே நீட்டிப்புக்குப் பதியலாம். 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து செட்டிங்ஸை பேக்கப் செய்தால் காசும் கிடையாது.

கடைக்காரருக்குக் கொடுக்க வைத்திருந்த பணத்தில் பழைய ஹார்ட் டிஸ்குக்குப் பதில் ஒரு எஸ்எஸ்டி (வேகமான டிஸ்க்) மாட்டுங்கள். நீங்கள் சொல்லும் மந்தம் அதில்தான் தீரும். டிஸ்கைக் கழற்றும் முன் டேலி டேட்டா ஃபோல்டரைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், அதைத் திறந்தும் பார்த்துவிடுங்கள்! (நான் திறந்து பார்க்காமல் ஒருமுறை மாட்டிக்கொண்டேன்.) நீட்டிப்பு முடிவதற்குள் லேப்டாப்பையே மாற்றும்போது 11 தானாக வந்துவிடும்.