புது ஃபர்னஸில் நெருப்பு பற்றியதும் அணைகிறதா? முதலில் வயரைப் பாருங்கள்

கேள்வி: ஸ்கார்பரோவில் பழைய வீடு ஒன்றில் இருக்கிறோம். சென்ற மாதம் வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபர்னஸை மாற்றினோம், கூடவே அதைக் கட்டுப்படுத்தும் வைஃபை தெர்மோஸ்டாட்டும் போட்டோம். தெர்மோஸ்டாட்டின் திரை அடிக்கடி இருண்டுவிடுகிறது. ஃபர்னஸில் நெருப்பு பற்றி நாலைந்து நொடியில் அணைகிறது. சில தடவை முயன்று பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிடுகிறது. ஃபர்னஸ் போட்டவர் தெர்மோஸ்டாட்டைக் குறை சொல்கிறார், தெர்மோஸ்டாட் கம்பெனிக்காரர் ஃபர்னஸைக் குறை சொல்கிறார். ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் போர்டை மாற்றச் சொல்லலாமா?

பதில்: போர்டை இப்போதைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனிக் கோளாறுகள் என்றே நினைக்கிறேன். அதனால்தான் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுகிறார்கள். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கலாம்.

ஃபர்னஸுக்குள் இரண்டு விதக் கரண்ட் ஓடுகிறது. சுவரிலிருந்து வருவது 120 வோல்ட். ஃபேன் மோட்டாரும், காஸைப் பற்றவைக்கும் இக்னைட்டரும் பெரும்பாலும் அதில்தான் ஓடுகின்றன. உள்ளே இருக்கும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் அதை 24 வோல்டாகக் குறைத்துத் தெர்மோஸ்டாட்டுக்கு அனுப்புகிறது. கோளாறு இதில் எந்தப் பக்கம் என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

பிரிக்க ஒரு சுலபமான வழி உண்டு. ஃபர்னஸின் சுவிட்சை அணையுங்கள். தெர்மோஸ்டாட்டின் முகப்பைக் கழற்றி, ஆர் (R), டபிள்யூ (W) என்று எழுதிய முனைகளில் இருக்கும் இரண்டு வயர்களையும் வெளியே எடுத்து ஒன்றோடொன்று முறுக்குங்கள். வயரின் நிறத்தை நம்பாதீர்கள், எழுத்தைப் பாருங்கள். சுவிட்சைப் போட்டால், 'வீட்டைச் சூடாக்கு' என்ற கட்டளை தெர்மோஸ்டாட் இல்லாமலே ஃபர்னஸுக்குப் போகும். நெருப்பு நிலையாக எரிந்து சூடான காற்று வந்தால் ஃபர்னஸில் பழுதில்லை. அப்போதும் அணைந்தால், நெருப்பு அணைவதற்குத் தெர்மோஸ்டாட் காரணமில்லை. பார்த்து முடித்ததும் மறுபடி சுவிட்சை அணைத்து வயர்களைப் பிரித்துவிட வேண்டும். முறுக்கியபடியே விட்டால் ஃபர்னஸ் நிற்காமல் ஓடும்.

ஒரு எச்சரிக்கை. இது காஸ் ஃபர்னஸுக்கு மட்டும். சில அபார்ட்மென்ட்களில் சுவரோரம் மின்சார பேஸ்போர்ட் ஹீட்டர் இருக்கும். அதன் தெர்மோஸ்டாட்டில் 240 வோல்ட் வரை வரும். தடித்த வயர்களைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

சரி, திரை ஏன் இருள்கிறது? பழைய தெர்மோஸ்டாட் வெறும் சுவிட்ச் மாதிரி, அதற்கென்று தனியாகக் கரண்ட் வேண்டியதில்லை. வைஃபை உள்ளது அப்படியல்ல. அதற்கு எப்போதும் 24 வோல்ட் வேண்டும், அந்தக் கரண்ட் திரும்பிப் போக சி (C) என்ற ஐந்தாவது வயரும் வேண்டும். பழைய வீடுகளில் பல நேரம் நாலு வயர்தான் இணைத்திருப்பார்கள். சி இல்லாவிட்டால் சில மாடல்கள் மற்ற வயர்களிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகக் கரண்ட் எடுத்து பேட்டரியை நிரப்பப் பார்க்கும். அது போதாதபோது திரை இருளும், ஃபர்னஸ் போர்டில் இருக்கும் ரிலே என்ற சின்னத் தானியங்கி சுவிட்ச் காரணமில்லாமல் டிக் டிக்கென்று அடிக்கும்.

இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபர்னஸ் போர்டில் சி முனையைப் பார்த்தால் அங்கே ஒரு வயர் இருக்கும். 'சி இருக்கிறதே' என்று மூடிவிடுவார்கள். அது வெளியே இருக்கும் ஏசிக்குப் போகிற வயராக இருக்கலாம். மேலே தெர்மோஸ்டாட்டுக்குப் போகும் கேபிளில் இருந்து ஒரு வயர் அதே சி முனைக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பல வீடுகளில் அந்தக் கேபிளுக்குள் பயன்படுத்தாத நீல வயர் ஒன்று மடித்துச் சுற்றிக் கிடக்கும். இரண்டு முனையிலும் இணைத்தால் தீர்ந்தது. உதிரி வயரே இல்லையென்றால் புதுக் கேபிள் இழுக்கலாம், அல்லது அந்தத் தெர்மோஸ்டாட்டுக்கென்றே விற்கும் அடாப்டரை ஃபர்னஸ் பக்கம் பொருத்தலாம். நான் கேபிள் இழுப்பதைத்தான் சொல்வேன். பிறகு ஹீட் பம்ப் (மின்சாரத்தில் ஓடி வீட்டைச் சூடாக்கவும் குளிராக்கவும் செய்யும் கருவி) போட நினைத்தால் இன்னும் வயர் தேவைப்படும், ஒரேயடியாக எட்டு வயர் கேபிளாகப் போட்டுவிடலாம்.

இப்போது நெருப்புக்கு வருவோம். நாலைந்து நொடியில் அணைகிறது என்று தேடினால் எல்லா வீடியோவும் 'ஃபிளேம் சென்சரைத் தேயுங்கள்' என்றுதான் சொல்லும், அதாவது நெருப்பு இருக்கிறதா என்று உணரும் கம்பியை. பழைய ஃபர்னஸுக்கு அது நல்ல வைத்தியம். ஒரு மாதமே ஓடிய ஃபர்னஸில் படிவு சேர நேரம் ஏது? புதிதில் நான் முதலில் சந்தேகப்படுவது எர்த் வயரை, இங்கே கிரவுண்ட் என்கிறார்களே அதை.

நெருப்பு கரண்டைக் கடத்தும். போர்டு சென்சர் கம்பிக்கு ஏசி கரண்டை, அதாவது திசை மாறி மாறி ஓடும் கரண்டை, அனுப்புகிறது. அது நெருப்பு வழியே பர்னரின் உலோகத்துக்குப் போய், உடல் தகடு, எர்த் வழியாகப் போர்டுக்குத் திரும்புகிறது. கம்பி சிறியது, பர்னர் பெரியது என்பதால் கரண்ட் ஒரு திசையில் அதிகமாக ஓடி டிசி (ஒரே திசைக் கரண்ட்) போல ஆகிறது. அந்த டிசியைப் பார்த்துத்தான் 'நெருப்பு இருக்கிறது' என்று போர்டு முடிவு செய்கிறது. அளவோ சில மைக்ரோ ஆம்பியர்தான். ஓர் ஆம்பியரின் பத்து லட்சத்தில் சில பங்கு. திரும்பும் வழியில் ஒரு திருகு தளர்ந்திருந்தாலும், எர்த் கம்பியைப் பெயின்ட் அடித்த தகட்டின் மேல் முடுக்கியிருந்தாலும் அது போய்ச் சேராது. உடனே போர்டு, எரியாத காஸ் வெளியே வருகிறது என்று நினைத்து வால்வை மூடிவிடும். அது உயிர் காக்கும் ஏற்பாடு. அதை ஏமாற்ற யாராவது வழி சொன்னால் கேட்காதீர்கள்.

120 வோல்ட் பக்கம் கரண்ட் வரும் கறுப்பு வயரும், அது திரும்பும் வெள்ளை வயரும் (நியூட்ரல்) இடம் மாறியிருந்தாலும் இதே கதைதான். ஃபேன் ஓடும், இக்னைட்டர் சிவக்கும், நெருப்பும் பற்றும், ஆனால் பல போர்டுகள் அதை ஏற்காது. சில போர்டுகள் இதற்கென்றே ஒரு விளக்குச் சமிக்ஞை காட்டும். எத்தனை முறை மின்னினால் என்ன பொருள் என்ற பட்டியல் ஃபர்னஸ் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கும். டெக்னீஷியன் வருமுன் அந்த மின்னலை ஃபோனில் வீடியோ எடுத்து வையுங்கள். (கரண்ட் போனபோது சின்ன ஜெனரேட்டரில் ஃபர்னஸை ஓட்டினால் நெருப்பு நிற்காததற்கும் பல நேரம் காரணம் இதே மாதிரி ஒன்றுதான்: அதில் நியூட்ரலும் எர்த்தும் இணைந்திருக்காது.)

இதை மல்டிமீட்டரால் உறுதி செய்யலாம், ஆனால் கரண்ட் உயிரோடு இருக்கும்போது அளக்க வேண்டும் என்பதால் நீங்கள் செய்ய வேண்டாம். கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே 120, கறுப்புக்கும் எர்த்துக்கும் இடையே 120, வெள்ளைக்கும் எர்த்துக்கும் இடையே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். கடைசி அளவில் 120 வந்தால் வயர் மாறியிருக்கிறது. இரண்டாவது அளவு குறைந்து ஆடினால் எர்த் அறுந்திருக்கிறது. ஒன்ராறியோவில் காஸ் பக்கம் கைவைப்பவர் டிஎஸ்எஸ்ஏ என்ற மாகாணத் தொழில்நுட்பப் பாதுகாப்பு அமைப்பின் சான்று பெற்றவராக இருக்க வேண்டும். வீட்டு மின்வேலையைக் கூலிக்குச் செய்ய உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரர் வேண்டும்.

தெர்மோஸ்டாட் வயர்களைத் தொடும் முன் சுவிட்சை அணைக்க மறந்துவிடாதீர்கள். ஆர் வயர் சி வயரில் பட்டால் போர்டிலுள்ள ஃபியூஸ் போகும். அது காரில் போடும் அதே ரகம்: 3 ஆம்பியர் ஊதா, 5 ஆம்பியர் வெளிர் பழுப்பு. போனது என்ன அளவோ அதையே போடுங்கள். மறுபடி மறுபடி போனால் சுவருக்குள் எங்கோ ஆணி கேபிளைத் துளைத்திருக்கலாம், அல்லது வெளியே ஏசி வயர் அறுபட்டிருக்கலாம்.

ஃபர்னஸ் போட்டவரைத் திரும்பக் கூப்பிட்டு மூன்று வோல்ட் அளவுகளையும், நெருப்பு எரியும்போது சென்சரின் மைக்ரோ ஆம்பியரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். மைக்ரோ ஆம்பியர் குறைவு என்றால் எர்த்தைப் பார்ப்பதோடு, சென்சர் கம்பி நெருப்புக்குள் சரியாக நிற்கிறதா, காஸ் அழுத்தம் சரியா என்றும் அவர் பார்க்க வேண்டும். எல்லா அளவும் சரியாக இருந்தும் நெருப்பு அணைந்தால், அப்போது தாராளமாகப் போர்டை மாற்றச் சொல்லுங்கள். ஃபர்னஸ் ஒரு மாதப் புதியது, பாகத்துக்கு உத்தரவாதம் இருக்கும். கூலிக்கும் உண்டா என்று மட்டும் ஒப்பந்தத் தாளில் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.