சர்ச்சிலின் போர் நினைவுகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சர்ச்சில் இரண்டாம் உலகப்போர் பற்றி எழுதிய ஆறு தொகுதிகளைப் படித்துவருகிறேன். மூன்றாவதில் இருக்கிறேன். என் நண்பர், ‘அது தன்னை நியாயப்படுத்திக்கொள்ள எழுதியது, வரலாறு அல்ல’ என்கிறார். நோபல் வாங்கியவரின் எழுத்தை அப்படி ஒதுக்கலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

1953இல் அவருக்குக் கிடைத்தது இலக்கிய நோபல். நடைக்கு அது சான்று, நம்பகத்தன்மைக்கு அல்ல. ஆனாலும் ஒதுக்காதீர்கள். ஆவணக் காப்பகங்கள் மூடிக்கிடந்த காலத்தில் தன் குறிப்புகளையும் தந்திகளையும் அப்படியே அச்சிட்டார். அந்தப் பக்கங்கள் இன்றும் பொன். ஆனால் அவர் அனுப்பியவைதான் அதிகம். தளபதிகள் எழுதிய பதில்கள் அரிதாகவே உள்ளன. அதனால் பிரதமர் விரட்டுகிறார், மற்றவர்கள் தயங்குகிறார்கள் என்ற தோற்றம் தானாக வந்துவிடுகிறது.

உங்கள் மூன்றாம் தொகுதியில், 1941 மார்ச்சில் ஜெர்மன் கவசப்படைகள் ருமேனியாவிலிருந்து போலந்துப் பக்கம் திரும்பியதை ‘நம்பகமான உளவு’ வழியாக அறிந்ததாகச் சொல்கிறார். உண்மையில் அது ஜெர்மன் ராணுவத்தின் எனிக்மா சங்கேதத்தை உடைத்துப் படித்த செய்தி. அந்த ரகசியம் 1974 வரை பொதுவெளிக்கு வரவில்லை. அவர் விரும்பியிருந்தாலும் எழுதியிருக்க முடியாது. இதைக் குற்றமாகச் சொல்லமாட்டேன்.

1940 மே கடைசி விஷயம் வேறு. தனித்து நின்று போரிடுவதா என்ற கேள்வி போர் அமைச்சரவையின் நிகழ்ச்சி நிரலிலேயே வரவில்லை என்கிறார். பின்னாளில் திறக்கப்பட்ட கூட்டக் குறிப்புகளில், இத்தாலி வழியாகச் சமரசம் பேசிப் பார்க்கலாமா என்று வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் அவரோடு மூன்று நாள் வாதாடியது பதிவாகியிருக்கிறது. ஹாலிஃபாக்ஸைக் காப்பாற்றிய மௌனம் அது.

வங்காளத்தைப் பற்றிய மௌனத்தை என்னால் அப்படி விட முடியாது. 1943 பஞ்சத்தில் செத்தவர்கள் ஏறக்குறைய முப்பது லட்சம் பேர். அது முடிந்து ஏழெட்டு ஆண்டு கழித்து வந்த நான்காம் தொகுதியில், போரின் கொடுமைகளிலிருந்து இந்திய மக்களைப்போல் பாதுகாக்கப்பட்டவர்கள் உலகில் இல்லை என்று எழுதுகிறார். தானியத்துக்குக் கப்பல் கேட்டு இந்திய வைஸ்ராய் வேவல் அனுப்பிய தந்திகளைப் பிரிட்டிஷ் அரசே பிறகு தொகுத்து வெளியிட்டது. எழுதும்போது சர்ச்சிலுக்கு அவை தெரியாதவை அல்ல.

அதே தொகுதியில்தான் சிங்கப்பூர் வீழ்ச்சியும் வருகிறது. தரைப்பக்க அரண்கள் இல்லை என்பது தனக்குத் தெரிந்திருக்க வேண்டும், தான் கேட்டிருக்க வேண்டும் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். ராணுவத் தலைமைத் தளபதி ஆலன் புரூக்கின் நாட்குறிப்பு 2001இல் முழுமையாக வெளிவந்தது. அதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சர்ச்சில் அச்சிடாத பதில்கள் பல அதில் கிடைக்கும்.